டிகாக்ஷன் வண்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் கணவருக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தால் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவார். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து, மைசூரிலேயே வீடு கட்டி, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் மாமியாரும்தான்.

என் வேலையைப் பற்றி மாமியாருக்கு ஒரு கூச்சம் இருந்தது. "மருமக எங்க போறா?" என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் ஆபீஸ்" என்பார். பொய் என்று சொல்ல முடியாது. மணமக்கள் பெயரை எழுத்தில் போடுவதற்காகக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மற்ற நேரமெல்லாம் நான் இரண்டு வீடியோ ரெக்கார்டருக்கும், படங்களைக் கலக்கும் ஒரு மிக்ஸருக்கும் நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளை முகத்தை இதய வடிவத்துக்குள் வைப்பது, முகூர்த்த நேரத்தில் ரோஜாப்பூ மழை பெய்யவைப்பது போன்ற காரியங்களைச் செய்துகொண்டிருப்பேன்.

கடை முதலாளி மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர். நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டில் எல்லோரும் விவசாயம். இவர் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மைசூருக்கு வந்துவிட்டார். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். யானையை ஆட்டோவில் ஏற்றிவர முடியுமா என்று கேட்டாலும், "ஏத்திரலாமுங்க" என்றுதான் முதலில் சொல்வார். எப்படி என்பதை அதற்குப் பிறகு என்னிடம் கேட்பார்.

அந்த வருஷம் தசராவுக்கு எங்கள் பகுதி கேபிள்காரர் தன்னுடைய சேனலில் அம்பாள் கதைகளை நாடகமாக ஒளிபரப்ப ஆசைப்பட்டார். நடிப்பது ஊர்க்காரர்கள், எடுத்துக் கொடுப்பது எங்கள் கடை. கடைசி நாள் கதையில்தான் வில்லங்கம். ஓர் அசுரன் தவம் செய்து வரம் வாங்கியிருக்கிறான். ஆணால் சாவில்லை, பெண்ணால் சாவில்லை, இரண்டு கால் உள்ளதாலும் நான்கு கால் உள்ளதாலும் சாவில்லை. ஆறு கால் உள்ளவற்றைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அம்பாள் தன் கையிலிருந்து கோடிக்கணக்கான வண்டுகளை அனுப்பி அவனை முடிக்கிறாள்.

"வண்டு எப்படிக் காட்டுவீங்க?" என்று கேபிள்காரர் கேட்டாராம். நம் முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாதா? "அதெல்லாம் நம்ம அம்மிணி கொண்டாந்துருவாங்க."

அந்த அம்மிணி நான்தான்.

முதலில் கம்ப்யூட்டரில் முயன்றேன். கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து, திரையின் ஓரத்திலிருந்து நகரவிட்டேன். எழுத்துப் போடுவதற்கென்றே செய்த இயந்திரம் அது. எல்லாப் புள்ளிகளும் ஒரே வேகத்தில், ஒரே திசையில், ராணுவ அணிவகுப்புப் போல நகர்ந்தன. அசுரன் முகத்தின் மேல் வந்து நின்றபோது முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, இது வண்டு கடிச்ச மாதிரி இல்லீங்களே. அம்மை போட்ட மாதிரித்தானுங்க இருக்குது."

அடுத்தது காகிதம். கறுப்புக் காகிதத்தைப் பொடியாக வெட்டி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் தூவினோம். அசுரனைச் சுற்றிக் குப்பை பறந்தது. நகராட்சி வண்டி கடந்துபோன தெரு மாதிரி இருந்தது.

மூன்றாவது யோசனை முதலாளியுடையது. கடுகு. மேலேயிருந்து ஒருவர் முறத்தால் கடுகைக் கொட்ட, கீழே அசுரன் அலற வேண்டும். அசுரனாக நடித்தவர் ஒரு வங்கியில் காசாளர். தமிழர்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். நல்ல தொப்பை, கணீர்க்குரல், கோவில் மணி போன்ற சிரிப்பு. கடுகு கொட்டியதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். எடுத்ததில் கிரீடம் மட்டும்தான் தெரிந்தது. கடுகோ, வண்டு போலப் பறக்காமல் கடுகு போலவே விழுந்தது. மறுநாள் வங்கியில் அவர் எப்போது குனிந்தாலும் காதிலிருந்தோ தலையிலிருந்தோ கடுகு உதிர்ந்ததாம். மேனேஜர் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தாராம்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெளிவாயிற்று. காகிதமானாலும் கடுகானாலும் எல்லாம் கீழே விழுகிறது. வண்டு விழாது. அது மிதக்கும், திரும்பும், எதிரே வருவதோடு மோதப் பார்த்து விலகும். விழாத ஒரு பொருள் வேண்டும். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் காபி பில்டரை ஒரு வெள்ளைப் பீங்கான் பேசினில் கவிழ்த்து வைத்திருந்தார். நான் குழாயைத் திறந்தேன். அடியில் கிடந்த பழைய தூள் சடாரென்று எழுந்தது. ஒரு கூட்டம் இடப்பக்கம் திரும்பியது. இன்னொரு கூட்டம் அதற்கு எதிராக வந்தது. இரண்டும் கலந்து, பிரிந்து, சில தூள்கள் மட்டும் தனியாக ஓடிப்போய், மறுபடி கூட்டத்தில் சேர்ந்தன. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கூட்டம். குழாயை மூடினேன், அடங்கியது. திறந்தேன்; சீறியது. மூடினேன். திறந்தேன்.

பின்னாலிருந்து மாமியார் குரல். "என்னம்மா, காபித் தூள்ல ஜோசியம் பாக்கிறியா? தண்ணி வேஸ்ட் ஆகுது பாரு."

"அத்தை, இங்க வந்து பாருங்களேன். இது என்ன மாதிரி இருக்கு?"

எட்டிப் பார்த்தார். தானே ஒரு தடவை குழாயை மூடித் திறந்தார். பிறகு, "தேன்கூட்டுல கல்லெறிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன். அதற்கு முன் நாங்கள் அப்படியெல்லாம் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, பாதிக் கன்னடத்தில், "ஆயித்து, ஆயித்து, விடு. புடவையெல்லாம் ஈரம்" என்றார்.

விஷயத்தை அப்போதுதான் அவருக்கு விளக்கினேன். கடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்யும் நாட்களில், கல்யாண வீடியோவில் பெயர் போட, வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையால் எழுதி அதை ஒரு கேமராவால் பிடிப்போம். மிக்ஸரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெள்ளை மறைந்துபோய்க் கறுப்பு எழுத்து மட்டும் மணமக்கள் படத்தின் மேல் நிற்கும். எழுத்து நிற்குமென்றால் தூளும் நிற்கும். தண்ணீரில் சுற்றும் தூளைத் தனியாக எடுத்து அசுரன் மேல் ஏற்றிவிட்டால் முடிந்தது.

"அப்போ உங்க ஆபீஸ்ல நிஜமாவே வேலை இருக்கு" என்றார் மாமியார்.

கண்ணாடித் தொட்டி வேண்டும். அசுரன் வீட்டில் மீன்தொட்டி இருந்தது. அவர் மீன்களை வாளிக்குக் குடிமாற்றிவிட்டு, தொட்டியை ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஓட்டியது முதலாளி. தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கும் பின்னால் விளக்கு வைத்தோம். நான் டப்பாவிலிருந்து புதிய காபித் தூளை அள்ளிப் போட்டேன். போட்ட வேகத்தில் தண்ணீரெல்லாம் கறுப்புக் கஷாயமாகி, விளக்கும் தெரியவில்லை, வேட்டியும் தெரியவில்லை.

"வண்டு செத்து ரசமாயிருச்சுங்க" என்றார் முதலாளி.

மாமியாரிடம் வந்து சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புதுத் தூளைப் போட்டா டிகாக்ஷன்தானே இறங்கும்? அதுலயும் சிக்கரி கலந்தது. இறக்கி முடிச்ச பழைய தூள் வேணும். சாயமெல்லாம் போயிருக்கணும்." எங்கள் ஒரு வீட்டுத் தூள் போதாது என்றதும் அவரே தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய்ப் பழைய காபித் தூளைக் கேட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "அம்பாள் காரியம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் கிண்ணங்களாகவும் டம்ளர்களாகவும் தூள் வந்து சேர்ந்தது. மாமியார் ஒவ்வொன்றையும் மெல்லிய துணியில் கொட்டி, குழாயடியில் அலசி, பிழிந்து, முறத்தில் காயவைத்தார். அலசும்போதே அவருக்கு ஊர் ரகசியம் முழுவதும் தெரிந்துவிட்டது.

"இங்க பாரு, மாடி வீட்டுத் தூள். எவ்வளவு அலசினாலும் சாயம் போய்ட்டே இருக்கு. ஒரே தடவை இறக்கிட்டுத் தூக்கிப் போடறாங்க. பணக்கார வீடு." அடுத்த கிண்ணத்தைக் கவிழ்த்தார். "இது எதிர் வீடு. பாரு, ஒரு சொட்டுச் சாயம் இல்ல. மூணாவது தடவையும் இறக்கியிருக்காங்க. அன்னிக்கு எனக்குக் குடுத்த காபி எதுன்னு இப்பத்தான் புரியுது."

"அத்தை, நமக்கு எதிர் வீட்டுத் தூள்தான் ரொம்ப உபயோகம்."

"அதைப் போய் அவங்ககிட்ட சொல்லிடாதே!"

இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாசலில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். முறத்தில் காய்வது என்ன என்று கேட்டார். "வண்டு" என்றார் அவர் அம்மா. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தூங்கப் போனார்.

அலசிய தூள் தண்ணீரைக் கெடுக்கவில்லை. ஆனால் கரண்டியால் கலக்கினால் எல்லாம் ஒரே வட்டமாகச் சுற்றியது. வாஷிங் மெஷினுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. நான் மறுபடி மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைக்கு அன்று என்னோடு வந்திருந்த மாமியார், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், "நீ ஒரே பக்கமா சுத்தினா அதுவும் ஒரே பக்கமாத்தானே போகும். மோர் கடையற மாதிரி இப்படியும் அப்படியும் கடைஞ்சா?" என்றார். முதலாளி பக்கத்து மெஸ்ஸுக்கு ஓடிப்போய் ஒரு மத்து வாங்கிவந்தார். கேமராவில் தெரியாத ஓரத்தில் மத்தை விட்டு, மாமியார் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை உருட்டினார். இந்தப் பக்கம் போன தூள், மத்து திரும்பியதும் திகைத்து, அந்தப் பக்கம் போகிற தூளோடு மோதி, மேலும் கீழுமாகச் சிதறி, மறுபடி திரண்டது.

"ஐயோ, கடிச்சிருமுங்க!" என்று முதலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நிஜமாகவே நகர்ந்தார்.

ஒரு தடவை தொட்டியிலிருந்து தள்ளி நின்று எடுத்தோம். சின்னச் சின்ன வண்டுகள், தூரத்தில் பறப்பவை. இன்னொரு தடவை கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து எடுத்தோம். பெரிதாக, மங்கலாக, நம் மூக்குக்கு முன்னால் பறப்பவை. அம்பாளின் உள்ளங்கையிலிருந்து வண்டுகள் கிளம்பும் காட்சிக்குக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து ஒரு பிடித் தூளைக் கொட்டினோம். திரையில் அது கீழிருந்து மேலே பொங்கிப் பரவியது. அதைப் பார்த்ததும் மாமியார் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தான் அலசிய தூள்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

வண்டு தயார். அசுரன்தான் தயாராகவில்லை. இல்லாத வண்டைப் பார்த்து அவர் பயப்பட வேண்டும். அவரோ மேடை நாடகக்காரர். மார்பை நிமிர்த்தி, கையை அகல விரித்து, "ஆஹா!" என்றார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவது போல இருந்தது.

"என்ன மேடம், சும்னே கையை ஆட்டுன்னா எப்படி ஆட்டறது? எதிர்ல ஒண்ணுமே இல்லையே" என்று அலுத்துக்கொண்டார்.

எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தோம். அம்பாள் வேஷம் போட்டிருந்த பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர், கையை உயர்த்திப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறது என்று கிரீடத்தோடு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார். திடீரென்று மிக மெதுவான குரலில் சொன்னார்:

"அண்ணா... அசையாதீங்க. கிரீடத்து மேல ஒரு குளவி."

அசுரன் உறைந்தார். கண் மட்டும் மேலே போனது. "எங்க?" என்றார், குழந்தைக் குரலில்.

"இப்ப காதுகிட்ட இறங்குதுங்க."

அவ்வளவுதான். "அய்யய்யோ! ஓடிசோ! ஓடிசோ!" என்று அந்த மூவுலகை ஆண்டவர் கன்னடத்தில் துரத்தச் சொல்லி அலறிக்கொண்டு துள்ளினார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். கிரீடம் உருண்டது. ஒரு பக்கத்து மீசை பிய்ந்து கன்னத்தில் தொங்கியது. கதாயுதத்தைக் காற்றில் சுழற்றி, அதில் தானே இடறி, முழங்காலிட்டு, வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டு விழுந்தார். முதலாளி கேமராவோடு கூடவே குனிந்து, கடைசி வரை எடுத்தார்.

குளவி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அசுரனுக்கு வந்த கோபம் பெரிய கோபம். ஒற்றை மீசையோடு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கவில்லை. நான் உள்ளே போய் அந்த டேப்பைப் போட்டு, அதன் மேல் தூர வண்டுகளை ஏற்றினேன். பிறகு அந்தப் படத்தின் மேல் பக்கத்து வண்டுகளை. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் படம் கொஞ்சம் மங்கியது. மங்கியதே நல்லதாகப் போயிற்று, தூளும் மனிதனும் ஒரே புழுதிக்குள் இருப்பது போல ஆனது. அவரைக் கூப்பிட்டேன்.

"சார், ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். திரையில் வண்டுக்கூட்டம் அவர் தலையைச் சூழ்ந்தது, அவர் துள்ளினார், கூட்டமும் துள்ளியது போலிருந்தது, அவர் விழுந்தார், வண்டுகள் மூடிக்கொண்டன. அவர் வாய் மெல்லத் திறந்தது.

"இது நானா?"

"நீங்கதான் சார்."

"இன்னொரு தடவை போடுங்க." போட்டேன். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை அந்தக் கோவில் மணிச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதலாளியின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது பாராட்டு பாதி, பழி பாதி. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

இனி சத்தம்தான் பாக்கி. மிக்ஸி, ஃபேன், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பதிவு செய்து பார்த்தேன். மிக்ஸி மிக்ஸியாகவே கேட்டது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாமியாரின் பஜனைக் கூட்டம் எங்கள் வீட்டில். பாட்டு முடிந்து சுண்டல் கொடுப்பதற்கு முன் மாமியார் எழுந்து நின்றார்.

"யாரும் போகாதீங்க. எல்லாரும் உள்ள வந்து ஆளுக்கு ஒரு குடம் எடுங்க. எம் மருமக படம் எடுக்கிறா. வண்டுச் சத்தம் வேணும்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் எடுக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். பெண்கள் குடத்தையும் தவலையையும் தேக்சாவையும் எடுத்து, வாயருகே வைத்து, "ம்ம்ம்" என்று முனகத் தொடங்கினார்கள். முதலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துச் சிரித்துக் கெடுத்தார்கள். பிறகு பிடிபட்டது. ஒருவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் ஏற்றினார். பித்தளைக் குடங்கள் அதிர்ந்தன. மூன்று தடவை டிகாக்ஷன் இறக்கும் எதிர் வீட்டு அம்மாள்தான் எல்லோரிலும் நன்றாக ரீங்கரித்தார். மாமியார் கைவீசித் தாளம் காட்டினார். கையை உயர்த்தினால் சத்தம் நெருங்கி வந்தது. தாழ்த்தினால் தூரப் போனது. நான் மைக்கை நடுவில் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வராமலிருக்க உதட்டைக் கடித்தபடி நின்றேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் சாயங்காலம் அது ஒளிபரப்பானது. கேபிள் இல்லாத வீட்டார், இருந்தும் கூட்டத்தோடு பார்க்க வந்தவர்கள் என்று எங்கள் கூடம் நிறைந்துவிட்டது. அசுரன் தன் மனைவியோடு வந்து முன்வரிசையில் பாயில் உட்கார்ந்தார். முதலாளி நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கணவர் அன்றைய ஷிப்டை யாரோடோ மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றேன். அங்கிருந்து திரை தெரியாது. ஆனால் எல்லோருடைய முகமும் தெரியும்.

அசுரன் வரத்தைச் சொல்லிக் கொக்கரித்தபோது கூடத்தில் ஒரே பேச்சும் சிரிப்பும். அம்பாள் கையை உயர்த்தினாள். எனக்குச் சத்தத்தை வைத்தே இடம் தெரிந்தது. ரீங்காரம் தொடங்கியதும் பேச்சு நின்றது. முகங்கள் மெல்லப் பின்வாங்கின. அசுரனின் மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்ரீ, என்னங்க, எங்கெல்லாம் கொட்டிச்சு? எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார். அசுரன் மிகுந்த பெருமையோடு, "ஷூட்டிங்னா அப்படித்தான்" என்று பதில் சொன்னார். ரீங்காரம் உச்சத்துக்குப் போனபோது, நடுவில் உட்கார்ந்திருந்த என் கணவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே, தன் காதோரத்தில் கையை வீசி எதையோ விரட்டினார்.

நான் மாமியாரைத் தேடினேன். அவரும் அதைப் பார்த்துவிட்டிருந்தார். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ, "கேபிள்காரருக்கு போன் பண்ணி, இன்னொரு தடவை போடச் சொல்லுங்கப்பா!" என்று கத்தினார்கள். போனை நோக்கி முதலில் ஓடியது அசுரன்தான்.